ஊரறிய: வினையடைகளைப் பற்றி ஒரு நினைவுரை



ஐயாவின் நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, தலைப்பை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள் மன்றத்துத் தோழர்கள். 'வினையடை' என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இலக்கணமா தோழர்?" என்று கேட்டார் ஒருவர். இலக்கணம்தான். ஆனால் நான் வகுப்பில் படித்த இலக்கணம் அல்ல. ஐயா அவர் வீட்டுத் திண்ணையில், ஒரு புகார் மனுவை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

1996ஆம் ஆண்டு. நான் கல்லூரி விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலனியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டுமென்றால் ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். ஒரு நாள் காலை அப்பா இறங்கவில்லை. எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். டீக்கடைக்கு முன்னால் ஒருவர் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அப்பா போனார். பஸ் போய்விட்டது. நடந்தே வந்து கட்டணத்தைக் கட்டினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து என் சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

அன்றிரவே மனு எழுதினேன். முழுத்தாளில் மூன்று பக்கம். தமிழ் படிக்கிற பையன் அல்லவா? எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். 'ஈவிரக்கமின்றி', 'சிறிதும் வெட்கமின்றி', 'காட்டுமிராண்டித்தனமாக', 'அப்பட்டமாக', 'பகிரங்கமாக', 'மனிதத்தன்மையற்று'. மறுநாள் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சுற்று வட்டாரத்தில் நம் மக்கள் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள் என்பது இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும்.

முழுவதையும் படித்தார். பிறகு சிவப்பு மை பேனாவை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அடித்தார். எண்ணினேன், பதினொரு சொற்கள். எல்லாமே வினையடைகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அவர் சொன்னார்: "தம்பி, இதுல நீ எவ்வளவு கோபப்பட்டேன்னு தெரியுது. அவன் என்ன செஞ்சான்னு தெரியலை."

அப்புறம் கேள்விகள். மணி எத்தனை? டீக்கடைக்கு முன்னால் என்றால் உள்ளேயா, ரோட்டிலா? யார் யார் நின்றார்கள்? பெஞ்சில் யார்? பஸ்ஸுக்கு நின்றது யார்? திட்டினான் என்றால் என்ன வார்த்தை? அந்த வார்த்தையை நான் எழுதவில்லை, கூசிப்போய் விட்டுவிட்டிருந்தேன். "உனக்குக் கூசுது, சரி. ஆனா எழுதலைன்னா அது நடக்கவேயில்லை" என்றார். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பதினேழு பேர். அப்பாவுக்குப் பதினேழு பேரும் நினைவில் இருந்தார்கள். எந்த இடத்தில் யார் நின்றார், யார் சிரித்தார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதுவரை.

புதிய மனு ஒரே பக்கம். அதில் 'பகிரங்கமாக' என்ற சொல் இல்லை. பதினேழு பெயர்கள் இருந்தன.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

வினையடை என்பது 'எப்படி' என்ற கேள்விக்கு விடை. கூச்சநாச்சமில்லாமல் எல்லோரும் பார்க்கச் செய்யப்படுகிற அக்கிரமத்தைச் சொல்ல நம்மிடம் நிறைய வினையடைகள் இருக்கின்றன. அவற்றை மூன்று கூடையில் போடலாம். இது என் வசதிக்கான பிரிவு. நன்னூலில் தேடாதீர்கள்.

முதல் கூடை, 'இல்லாமல்' கூடை. வெட்கமில்லாமல், கூசாமல், அஞ்சாமல், ஈவிரக்கமில்லாமல், மனசாட்சியில்லாமல். இந்தச் சொற்கள் செய்தவனிடம் எது இல்லை என்று சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையா? என் அப்பாவை நிறுத்தியவருக்கு வெட்கம் இல்லை என்று நான் எழுதினேன். அவருக்கு வெட்கம் நிறையவே இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதை நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம். அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவர் கேரியரைப் பிடித்தார். வெட்கம் என்பது தனியாள் மனசுக்குள் முளைக்கிற செடி அல்ல, தெரு ஊற்றுகிற தண்ணீரில் வளர்வது. ஆகவே 'வெட்கமில்லாமல்' என்று எழுதும்போது, ஒரு கெட்ட மனிதன் வழிதவறிச் செய்துவிட்டான் என்று நாமே குற்றத்தைச் சுருக்கிவிடுகிறோம். தெரு தப்பித்துக்கொள்கிறது.

இரண்டாவது, வெளிச்சக் கூடை. பட்டப்பகலில், வெட்டவெளிச்சமாக, பட்டவர்த்தனமாக, அப்பட்டமாக. செய்தித்தாள்கள் மிகவும் விரும்புகிற சொற்கள். 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் அவர்கள் வந்த பேருந்தை மறித்துக் கொன்றார்கள். பட்டப்பகல். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகல். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியை நாடே பார்த்தது. 'பட்டப்பகலில்' என்ற சொல் சூரியன் இருந்தது என்று சொல்கிறது. சூரியனுக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று சொல்வதில்லை. கொலைகாரர்களின் துணிச்சலைக் கண்டு வாசகர் அதிர்ந்துபோகிறார். அவர்களுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது யார் என்ற கேள்வி எழுவதற்குள் செய்தி முடிந்துவிடுகிறது.

மூன்றாவது கூடைதான் ஐயா எனக்குக் காட்டியது. ஊரறிய, நாலு பேர் பார்க்க, சபையில் வைத்து, எல்லோர் முன்னாலும். படித்தவர்கள் இவற்றைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கவனியுங்கள், இந்தச் சொற்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். 'ஊரறிய' என்றால் ஊர் அறிந்தது. ஊர் ஒரு எழுவாய். அறிதல் ஒரு வினை. ஒரு வினையடைக்குள்ளே ஒரு முழு வாக்கியமும், அந்த வாக்கியத்துக்குள்ளே சாட்சிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் 'அக்கிரமமா அடிச்சான்' என்று மட்டும் சொல்லமாட்டார்கள். 'ஊரே பாக்க அடிச்சான்' என்பார்கள். அடித்தவனோடு ஊரையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிற சொல் அது.

சாதிக் கொடுமைக்குப் பார்வையாளர்கள் வேண்டும். திருடன் இருட்டைத் தேடுவான். சாதி தெருவைத் தேடும். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவரைச் செருப்பைத் தலையில் வைக்கச் சொல்வதால் சாதிக்கு என்ன லாபம்? பார்க்கிற மற்றவர்களுக்கும் அது பாடமாக வேண்டும். ஆகவே பகிரங்கம் என்பது குற்றத்தின் மேல் ஒட்டிய அடைமொழி அல்ல. குற்றத்தின் பாதி அதுதான்.

சட்டம் இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நம் ஊர்க் காவல் நிலையங்களில் 'மூணு ஒண்ணு பத்து' என்று சொல்வார்களே, அந்தப் பிரிவு என்ன சொன்னது? பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, இழிவுபடுத்தும் நோக்கத்துடன், வேண்டுமென்றே, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அவமதிப்பது அல்லது மிரட்டுவது குற்றம் என்றது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது 3(1)(ஆர்) ஆகிவிட்டது. பக்கத்தில் 3(1)(எஸ்), பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. இரண்டிலும் உயிர்நாடி ஒரு வினையடைத் தொடர்தான். அது நிரூபணமானால் வழக்கு நிற்கும். இல்லையென்றால் விழும்.

2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு. தனியார் வீட்டு வாசலாக இருந்தாலும் வெளியே இருப்பவர் பார்க்க முடிந்தால் அது பார்வைக்கு உட்பட்டதே. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது நடந்தது இந்தப் பிரிவில் வராது என்றது. இதில் நமக்குப் பெரிய இழப்பு இருக்கிறது. பேராசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாணவியிடம் சொல்வது, முதலாளியம்மா சமையலறையில் சொல்வது எல்லாம் சட்டத்தின் கண்ணில் படாமல் போகும். அதற்கு எதிராக வாதாட வேண்டியது தனிப் போராட்டம். ஆனால் வெளியில் நடந்ததையும் நாம் சரியாக எழுதாமல் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

எப்படி இழக்கிறோம்? மனுதாரர் 'கேவலமாகத் திட்டினார்' என்று எழுதுவார். நிலையத்தில் அது 'அசிங்கமாகத் திட்டி' என்று ஆகும். சொன்ன வார்த்தை போய்விடும், சாதி போய்விடும். மிஞ்சுவது ஆபாச வார்த்தை பேசிய பிரிவு. முன்பு 294(பி), இப்போது புதிய சட்டத்தில் 296. 'அசிங்கமாக' என்ற ஒரு வினையடை ஒரு வன்கொடுமையைத் தெருச் சண்டையாக மாற்றிவிடுகிறது. அதே வேலையை 'ஆத்திரத்தில்' என்ற சொல் இன்னும் நேர்த்தியாகச் செய்யும். 'ஆத்திரமடைந்து தாக்கினார்' என்றால் திட்டமில்லை, சாதியில்லை, மனுஷனுக்கு வருகிற கோபம்தானே என்று படிப்பவருக்குத் தோன்றும்.

நீதிமன்றமும் தடுமாறும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றை இன்றைக்கும் நம்மால் மறக்க முடியவில்லை. இவர்கள் பெரிய நிலக்கிழார்கள், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். பெரிய மனிதர் நேரில் போய்ச் செய்தார் என்பதே, அவர் செய்யவில்லை என்பதற்குச் சான்றாகிவிட்டது. அக்கிரமம் எவ்வளவு அப்பட்டமோ அவ்வளவுக்கு நம்பமுடியாததாகிறது. 'அப்பட்டமாக' என்ற சொல்லை நம்பி நாம் இருக்க முடியாது என்பதற்கு வெண்மணியைவிட வேறு பாடம் வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு. அதற்கு வினையடையே கிடைப்பதில்லை. டீக்கடைகளில் இரட்டைக் குவளை எத்தனை ஆண்டுகள் ஆணியில் தொங்கியது? ஒளித்தா வைத்தார்கள்? வாசலிலேயே தொங்கியது. ஆனால் 'பகிரங்கமாக இரட்டைக் குவளை வைத்திருந்தார்' என்று அந்த ஊரில் யாரும் பேசியதில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடிந்தது. இடையில் பத்து ஆண்டுகள் அரசியல் சட்டம் அந்த ஊர்களின் எல்லையில் நின்றது. அது எப்படி நடந்தது என்று கேட்டால் வருகிற விடை 'வழக்கம்போல' என்பதுதான். என்னைக் கேட்டால், தமிழிலேயே கொடூரமான வினையடை அதுதான். என் முதல் மனுவில் அந்தச் சொல் இல்லவே இல்லை. ஐயாதான் சேர்த்தார்: 'வழக்கமாக எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கியே செல்லும் தெருவில்'. அந்த ஒரு தொடரால் ஒரு நாள் நடந்தது பல ஆண்டுகளாக நடந்ததாக ஆயிற்று.

நம் பக்கம் திருப்பப்படுகிற வினையடைகளும் இருக்கின்றன. 'திமிராக' நடந்தான். 'மரியாதையில்லாமல்' பார்த்தான். 'தெனாவெட்டாக' உட்கார்ந்தான். செருப்புப் போட்டு நடந்ததும், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டதும், கால் மேல் கால் போட்டதும், பைக்கில் போனதும் இந்தச் சொற்களால்தான் குற்றமாகின்றன. நடப்பது குற்றமில்லை, 'திமிராக' நடப்பது குற்றம். வினையில் குற்றம் கண்டுபிடிக்க முடியாதபோது வினையடையில் கண்டுபிடிக்கிறார்கள். எதிர்வழக்கு மனுக்களைப் படித்துப் பாருங்கள், இந்தச் சொற்கள் வரிசையாக வரும். அங்கேயும் ஐயாவின் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: எப்படி நடந்தால் திமிர்? காட்டுங்கள்.

எழுத விரும்புகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் ஒரு காட்சி எல்லோருக்கும் தெரியும். தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து கொடுக்கிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் அப்படி என்று பிறகு அண்ணன்தான் விளக்குகிறார். அந்தக் காட்சி நமக்குள் இறங்குவதற்குக் காரணம், பொட்டலம் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதுதான். 'எப்படி' என்ற கேள்விக்கு ஒரு கையும் ஒரு நூலும் பதில் சொல்கின்றன. அம்பேத்கர் தன் சிறுவயதில், 1901இல், மசூர் ரயில் நிலையத்தில் நடந்ததை எழுதியிருப்பதும் அப்படித்தான். பிள்ளைகள் தங்கள் சாதியைச் சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது, அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார், வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். நடந்தது அடுக்காக வருகிறது. கோபம் நமக்கு வருகிறது.

கோபத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையில் பேசுங்கள், முழக்கம் போடுங்கள், கவிதை எழுதுங்கள், அங்கே எல்லாச் சொற்களும் வேண்டும். சொற்களுக்காகப் போராடி நாம் ஜெயித்தும் இருக்கிறோம். 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகளை 'ஆணவக் கொலை' என்று எழுதவைத்தது நம் இயக்கங்கள்தான். ஆனால் சாட்சி சொல்லும் இடத்தில், மனுவில், உண்மை அறியும் குழுவின் அறிக்கையில், உங்கள் கோபத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கிற சொல்லைவிட, அங்கே நின்றவர்களின் பெயர் கனமானது.

'பகிரங்கமாக' என்ற சொல்லை முழுவதுமாக அவர்களிடம் கொடுத்துவிடவும் கூடாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில், சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஒளிந்து குடித்திருந்தால் அது தாகம் மட்டும். எல்லோரும் பார்க்கக் குடித்ததால் அது உரிமை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, அதே ஊரில் மனுஸ்மிருதியை எரித்தார்கள், அதுவும் எல்லோரும் பார்க்கத்தான். 41 ஆண்டு கழித்து அதே டிசம்பர் 25 அன்று வெண்மணியில் வேறொரு தீ. ஒன்று புத்தகத்தை எரித்தது, மற்றொன்று மனிதர்களை எரித்தது. இரண்டையும் 'பகிரங்கமாக' என்ற ஒரே சொல்லால் எழுத முடியும் என்பதால்தான் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

அப்பாவின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மனுவில் பெயர்களும் வார்த்தையும் இருந்ததால் வழக்குப் பதிவு செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. டி.எஸ்.பி. வந்து விசாரித்தார். நீதிமன்றத்தில் பதினேழு பேரில் ஒருவரும் நமக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றார்கள், பிறழ்சாட்சி ஆனார்கள். எதிரி விடுதலை ஆனார். தோற்ற வழக்குதான்.

ஆனால் விசாரணைக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், அந்தப் பதினேழு பேரில் நாலு பேர் எங்கள் காலனிக்கு வந்தார்கள். அதுவரை எங்கள் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள். அன்று ஐயாவும் எங்கள் வீட்டில் இருந்தார். "எங்க பேரை எதுக்குப் போட்டீங்க? நாங்க ஒண்ணும் செய்யலையே, சும்மாதானே நின்னோம்" என்றார்கள். ஐயா மனுவின் நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டினார். பெயர்கள், பிறகு 'ஆகியோர் அங்கு நின்றிருந்தனர்'. "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கு" என்றார். அவர்கள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும் அப்பாவைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் அப்பா அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. டீக்கடைக்கு முன்னால் போகும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். பார்த்தவர்கள் என்று எழுதப்படுவோமோ என்ற பயம் அவர்களுக்கு வந்திருந்தது.

இன்று எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது. வீடியோ எடுங்கள், நல்லது. ஆனால் எடுக்கும்போது அடிப்பவனை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி, நிற்கிறவர்களையும் எடுங்கள். மனு எழுதும்போது நேரம், இடம், சொன்ன வார்த்தை, நின்றவர்களின் பெயர் நான்கையும் முதலில் எழுதுங்கள். அதற்கப்புறம் இடமிருந்தால் வினையடை போடுங்கள். ஐயா சிவப்பு மையால் அடித்த அந்த மூன்று பக்கத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிற மாணவர்கள் வந்து பாருங்கள்.

ஜெய்பீம்.